இறப்புப் பதிவா, கடை அலமாரியா? சுங்கை சிப்புட்டில் எந்த ஆய்வைத் தொடங்குவது

புகைப்பழக்கத்தைப் பற்றி இந்த ஆண்டு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வட்டாரக் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் இழுபறி. கையில் இருப்பது சில ஆயிரம் ரிங்கிட். ஆள் பலம் என்று பார்த்தால் விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பழைய தோட்ட மருத்துவமனையில் டிரஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த பெரியவர் ஒருவர். அவ்வளவுதான்.

டிரஸர் ஐயாவின் யோசனை இது: சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கடந்த பத்து ஆண்டுகளில் இறந்த நம்மவர்களின் விவரத்தைத் திரட்டுவோம், யார் புகைத்தார், எதனால் இறந்தார் என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கு எடுப்போம். பிள்ளைகளின் யோசனை வேறு. மளிகைக் கடை, ஒட்டுக்கடை (சாலையோரச் சிறு கடை), மினிமார்க்கெட், வேப் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, சிகரெட்டை எங்கே எப்படி வைத்து விற்கிறார்கள், விளம்பரத் தடைச் சட்டம் நம் ஊரில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று எழுதுவோம் என்கிறார்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுக்கலாம் என்று மூன்றாவதாகவும் ஒரு பேச்சு வந்தது. அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையன் 'நான் ஊதுகிறேன்' என்று எழுதுவான்? அதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு பிள்ளைகள் பக்கம். ஆனால் ஐயா சொல்வதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிகரெட் ஆளைக் கொல்கிறது என்று உலகம் ஒப்புக்கொண்டதே இறப்புப் பதிவுகளைப் பார்த்துத்தான். 1951-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி, புகைப்பீர்களா, எவ்வளவு என்று கேட்டார்கள். பதில் வந்தவர்களில் ஆண்கள் மட்டும் 34,439 பேர். அப்புறம் பொறுமையாகக் காத்திருந்து, யார் எப்போது எதனால் இறந்தார் என்று பதிவில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 1954-லேயே நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. ஐம்பது ஆண்டு முடிந்து 2004-இல் வந்த அறிக்கையின்படி, கடைசி வரை புகைத்தவர் புகைக்காதவரை விடச் சராசரியாகப் பத்து ஆண்டு முந்திப் போய்ச் சேர்கிறார். 30 வயதில் விட்டவருக்கு அந்தப் பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. 60 வயதில் விட்டாலும் மூன்று ஆண்டு மிச்சம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 1990-களில் இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பங்களை விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோயும் மாரடைப்பும் எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது காசநோய். காசநோயால் இறந்த ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம்தான் காரணம் என்று தெரிந்தது. புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைப் போல நான்கு மடங்கு. விழுப்புரம் என்றால் பழைய தென் ஆற்காடு. இங்கே பால்மரம் (ரப்பர் மரம்) சீவ வந்த நம் தாத்தாக்களில் எத்தனையோ பேரின் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். லயத்து வீடுகளில் இருமி இருமிச் செத்தவர்களை நேரில் பார்த்த ஐயாவுக்கு அந்த ஆய்வைப் படித்ததும் கை துறுதுறுப்பதில் வியப்பில்லை.

அவருக்கு இன்னொரு ஆதாரமும் இருக்கிறது, அது இந்த நாட்டிலேயே கிடைத்தது. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901-இல் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. சதுப்பு நிலத்தை வடிய வைத்தார், சாவு குறைந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறகு தோட்டங்களிலும் வடிகால் வெட்டச் செய்தார். 'சாவுக் கணக்கைக் காட்டினால்தான் துரை பணப்பையை அவிழ்ப்பான்' என்று ஐயா அடிக்கடி சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் நான் முரண்படுவதும் இந்த இடத்தில்தான். மலேரியா வாரக் கணக்கில் கொல்லும். இந்த ஆண்டு வடிகால் வெட்டினால் அடுத்த ஆண்டே இறப்பு ஏட்டில் வித்தியாசம் தெரிந்துவிடும். புகையிலை அப்படி இல்லை. பதினேழு வயதில் தொடங்கியவனை ஐம்பதுக்கு மேல்தான் படுக்கையில் தள்ளும். இன்று மயானத்துக்குக் கொண்டு போகிறவர்களைப் பற்றி நாம் எடுக்கும் கணக்கு, உண்மையில் 1980-களில் இங்கே என்ன விற்றார்கள் என்பதைப் பற்றிய கணக்கு. நாம் இந்த ஆண்டு செய்கிற எந்த வேலைக்கும் அந்த ஏட்டில் பலன் தெரிய 2050 ஆகிவிடும்.

இரண்டாவது சிக்கல், ஏடே நமக்கு வேண்டியதைச் சொல்லாது. நம் பக்கத்து மயானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கனத்த அட்டை போட்ட நீள நோட்டு. பெயர், அடையாள அட்டை எண், வயது, புதைத்ததா எரித்ததா, குழி எண், பணம் கட்டியவர், ரசீது எண். பணம் கட்டிய கட்டம் மட்டும் ஒரு வரி விடாமல் நிரம்பியிருக்கும். எதனால் இறந்தார் என்பதற்குக் கட்டமே கிடையாது. எங்கேயாவது ஓரத்தில் பென்சிலால் 'ஆக்சிடென்' என்று கிறுக்கியிருப்பார்கள், அதோடு சரி. தோட்ட மருத்துவமனைகள் இருந்த காலத்தில் டிரஸர்களே தனியாக இறப்புப் புத்தகம் வைத்திருந்தார்கள் என்கிறார் ஐயா. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, மருத்துவமனைகளும் மூடிய பிறகு அந்தப் புத்தகங்களை யார் பத்திரப்படுத்தினார்கள்?

சரி, அரசாங்கப் பதிவு? ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் காரணம் எழுதித் தருவார். வீட்டில் இறந்தால் போலீஸ் நிலையத்தில் சொல்லி, அடக்கம் செய்ய அனுமதி வாங்கி, பதிவிலாகாவில் பதிய வேண்டும். அப்போது வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதுதான் காரணம். 'வயசாயிடுச்சு' என்றால் 'சாக்கிட் துவா' (மலாயில் முதுமை நோய்) என்று எழுதுவார்கள். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. நாட்டின் புள்ளிவிவரத் துறையே ஒவ்வோர் ஆண்டும் இறப்புகளை மருத்துவர் சான்றளித்தவை, சான்றளிக்காதவை என்று இரண்டாகப் பிரித்துத்தான் வெளியிடுகிறது. சான்றில்லாத பக்கத்தில் முதலில் நிற்பது இந்த முதுமைதான். மூச்சுக்குழாய் அடைப்போடு பதினைந்து ஆண்டு போராடியவரும், நூறு வயது வரை திடமாக இருந்து தூக்கத்தில் போனவரும் அதே இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

வீட்டாரிடம் விசாரித்து இதைச் சரிசெய்யலாம். சென்னையில் செய்தது அதைத்தான். இருமல் எத்தனை மாதம், ரத்தம் வந்ததா, நெஞ்சுவலி கைக்கு இறங்கியதா என்று கேட்டு எழுதி, பிறகு ஒரு டாக்டர் படித்துக் காரணத்தை முடிவு செய்வார். உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்று கேள்வித்தாளே வைத்திருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுக்கு முன்னால் செத்தவரின் இருமலைப் பற்றி இன்று கேட்டால் மருமகளுக்கு எவ்வளவு நினைவிருக்கும்? அந்த வாசலில் நின்று 'ஐயா சிகரெட் பிடிப்பாரா?' என்று கேட்பது பழியைப் பிணத்தின் மேல் போடுவதாகத்தான் கேட்கிறவர்களுக்குப் படும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம், இன்சூரன்ஸ் ஏதாவது நின்றுபோகுமோ என்ற பயம் வேறு. அரசு மருத்துவமனைக் குறிப்புகளைத் தொட வேண்டும் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். அது நியாயமான விதிதான். ஆனால் பல்கலைக்கழகத்து ஆள் யாராவது கூட இல்லாமல் எங்களைப் போன்ற குழு அந்த வாசலைத் தாண்டுவது கடினம்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு நம்மவர்கள் 60 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன். அதில் 35 முதல் 69 வயதுக்குள் இறந்த ஆண்கள் தாராளமாக 20. பத்து ஆண்டுக்கு 200. சாலை விபத்து, தற்கொலை, சிறுநீரகம், குடியால் வந்த ஈரல் நோய் எல்லாவற்றையும் கழித்தால் நெஞ்சும் நுரையீரலுமாக நூறு தேறலாம். அதைப் புகைத்தவர், விட்டவர், புகைக்காதவர் என்று பிரித்து, வயதுவாரியாகவும் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு நாலு பேர், ஐந்து பேர். நம்மில் பலருக்குச் சர்க்கரை வேறு. எது எதைச் செய்தது என்று அந்த நாலு பேரை வைத்துச் சொல்ல முடியாது. விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் 43,000 சாவு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான். கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாகிவிட்டது. அதே பதிலை நாம் தப்பும் தவறுமாக இன்னொரு முறை சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

இனி கடை அலமாரி.

நாற்பது வயதைத் தாண்டிய மலேசியர் யாருக்கும் டன்ஹில் என்றால் சிகரெட்டுக்கு முன் பந்து விளையாட்டுதான் நினைவுக்கு வரும். தொலைக்காட்சியில் நேரடி சிகரெட் விளம்பரம் 1980-களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு கம்பெனிகள் சிகரெட்டைக் காட்டாமலே சிகரெட் விற்கக் கற்றுக்கொண்டன. காற்பந்து லீக்குக்கு டன்ஹில் பெயர், இசை நிகழ்ச்சிக்கு சேலம் (Salem) என்ற சிகரெட்டின் பெயர், சட்டைக்கு மார்ல்பரோ, சுற்றுலாவுக்கு பீட்டர் ஸ்டைவசன்ட், கென்ட். லீக்கில் அந்தப் பெயர் 2004 வரை இருந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கத்தியது. அந்தச் சங்கத்தில் நெடுங்காலம் இருந்த மேரி அசுந்தா, கம்பெனிகளின் உள் ஆவணங்களையே தோண்டி எடுத்து, இந்த மறைமுக விளம்பரம் மலேசியாவில் எப்படித் திட்டமிட்டு நடந்தது என்று 2004-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சைமன் சாப்மனுடன் சேர்ந்து எழுதினார். இன்று நம் மயானத்துக்குப் போகிறவர்களில் பலர் அந்த லீக்கைப் பார்த்து வளர்ந்த பையன்கள்.

விளம்பரத்தை அரைகுறையாகத் தடுத்தால் பயன் இல்லை என்பதற்கு ஆய்வும் உண்டு. பொருளியல் ஆய்வாளர்கள் ஹென்றி சாஃபரும் பிராங்க் சலூப்காவும் 22 பணக்கார நாடுகளின் கணக்கை வைத்து 2000-இல் காட்டியது அதைத்தான். எல்லா வழியையும் அடைத்த நாட்டில் புகைப்பது குறைகிறது. ஒன்றிரண்டு வழியை மட்டும் அடைத்த நாட்டில் ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. மூடிய கதவுக்குச் செலவழித்த பணம் திறந்த கதவுக்கு மாறிவிடுகிறது. 2004-இல் வந்த விதிமுறைகளும், அடுத்த ஆண்டு நாம் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் பல கதவுகளை மூடின. 2009-இல் பெட்டியில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. அப்புறம் மிச்சமிருந்த பெரிய கதவு கடை கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரி. ஐஸ்லாந்து 2001-லேயே அதை மறைத்தது. தாய்லாந்து 2005-இல், சிங்கப்பூர் 2017-இல். நமக்கு 852-ஆம் சட்டம், அதாவது புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 2024 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்தது. கடையில் பார்வைக்கு வைக்கக்கூடாது என்ற பகுதிக்கு மட்டும் அவகாசம் கொடுத்து, 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்ற பகுதி மசோதாவிலிருந்து 2023-லேயே கழற்றப்பட்டுவிட்டது. அது போனது போனதுதான். அதனாலேயே இருக்கிற தடை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியமாகிறது.

நடக்கிறதா? பெரிய கடைகளில் கதவு போட்ட அலமாரி வந்துவிட்டது. சின்னக் கடைகளில் பலவிதம். ஓரிடத்தில் அலமாரிக்கு மேல் ஒரு சாமி காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஃபேன் காற்றில் காலண்டர் ஆடும்போதெல்லாம் பெட்டிகள் எட்டிப் பார்க்கின்றன. இன்னொரு கடையில் திரை இருக்கிறது, ஆனால் பாதிக்கு இழுத்துக் கட்டியிருக்கிறது. அதற்குக் கீழே அசாம்பொய் பாட்டில், புளிப்பு மிட்டாய், பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே. கேட்டால், 'கம்பெனி ஆள் கொண்டாந்து வெச்ச அலமாரி அண்ணே, நானா செஞ்சேன்?' என்கிறார் முதலாளி. ஒட்டுக்கடையில் பெட்டியைப் பிரித்து ஒன்று ஒன்றாகக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. வேப் கடைகளின் வண்ண விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பஸ் நிலையத்திலிருந்தே தெரியும்.

இவற்றையெல்லாம் ஒரு பக்கப் படிவத்தில் அடக்கிவிடலாம். பெட்டி வெளியே தெரிகிறதா, எந்த உயரத்தில், இனிப்புக்குப் பக்கத்திலா, பிராண்டு பெயர் போட்ட கடிகாரம், லைட்டர், குடை ஏதாவது உண்டா, சில்லறையாக விற்கிறார்களா, பள்ளியிலிருந்து எத்தனை நிமிட நடை. யாருடைய நோயும் யாருடைய சாவும் இதில் இல்லை. ஆட்களைப் படம் எடுக்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அனுப்பி வாங்கிப் பார்க்கக்கூடாது, அறிக்கையில் கடைக்குப் பெயர் போடாமல் எண் போட வேண்டும். இந்த மூன்றையும் கறாராக வைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து அதே கடைகளுக்கு அதே படிவத்தோடு போனால் மாறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். இறப்பு ஏடு கொடுக்காதது இந்த ஒன்றுதான்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. முதலாவது, கடைக்காரர் வெளியூர்க்காரர் அல்ல. மாதக் கடைசியில் தீகா லீமா (கடன் கணக்கு) புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கிறவர், கோயில் திருவிழாவுக்கு முதல் நன்கொடை எழுதுகிறவர். நம் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாகப் போய் நின்றால் 'என்னடா, அமலாக்க அதிகாரியா?' என்பார். அதனால் முதல் சுற்றுக்கு முன்பே குழுத் தலைவர் நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் அன்றைக்கு மட்டும் திரையை இழுத்துவிடுவார்களே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இழுக்கட்டுமே, மறுநாளும் அப்படியே இருந்தால் நமக்கு வேண்டியது அதுதானே.

இரண்டாவது ஓட்டை பெரியது. கள்ள சிகரெட்டுக்கு அலமாரியும் இல்லை, விளம்பரமும் இல்லை. சட்டப்படி விற்கிற பெட்டியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கல்லாவுக்கு அடியிலிருந்து வருகிறது. நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்குதான் என்று கம்பெனிகள் பணம் கொடுத்து எடுத்த கணக்குகள் சொல்கின்றன. வரியை ஏற்றாதீர்கள் என்று வாதாடத்தான் அந்தக் கணக்கை அவர்கள் காட்டுகிறார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும். எப்படி இருந்தாலும் தீம்பாரில் (தோட்டத்தில்) வேலை செய்கிறவர் பிடிப்பதில் பெரும்பங்கை நம் படிவம் பார்க்காது. ஆனால் கடை அலமாரி யாருக்காக வைக்கப்படுகிறது? ஐம்பது வயதுக்காரர் எதைப் பிடிப்பது என்று முப்பது ஆண்டுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டார். மிட்டாய் வாங்க வந்து நிற்கிற பையன்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடைக் கணக்குக்குப் படிவம் அச்சடிக்கிற காசும் மதியச் சாப்பாடும் போதும். இறப்புக் கணக்குக்குப் பயிற்சி, டாக்டர், அனுமதி எல்லாம் வேண்டும்; எங்கள் பணம் பயிற்சிக்கே பற்றாது. யாரிடம் கொண்டு போவது என்ற கேள்விதான் முக்கியம். கடை அறிக்கையை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தால் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது, நடவடிக்கையும் அவர்கள் கையில். இரண்டு தவணை ஒரு நுரையீரல் டாக்டரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. இந்தப் பேச்சு யாருக்கும் புதிதாக இருக்காது. இறப்பு அறிக்கையைக் கொண்டு போனால்? 'புகைப்பது கெடுதல்தான், தெரியுமே' என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆனாலும் ஐயாவின் யோசனையில் ஒரு துண்டை மட்டும் நான் விட மாட்டேன். தென்னாப்பிரிக்காவில் 1998-இலிருந்து இறப்புப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: இறந்தவர் ஐந்து ஆண்டுக்கு முன்பு புகைப்பவராக இருந்தாரா? அந்த ஒரே கேள்வி, அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்தை வைத்து லட்சக்கணக்கான சாவுகளை ஆராய்ந்து 2013-இல் பெரிய ஆய்வு வந்தது. நாட்டுப் படிவத்தை மாற்ற எங்களால் முடியாது. மயானச் சபாவிடம் பேசி, இனி வரும் இறப்புகளுக்கு மட்டும், வீட்டார் விரும்பினால், தனித் தாளில் இரண்டு கேள்வி எழுதி வைக்கலாம்: டாக்டர் சொன்ன காரணம் என்ன, ஐந்து ஆண்டுக்கு முன் புகைத்தாரா. வருமானக் கணக்கு இருக்கிற நோட்டில் அதைச் சேர்க்கக்கூடாது. பூட்டி வைக்கிற வேறு கோப்பில் இருக்கட்டும். கேட்கிற பொறுப்பை டிரஸர் ஐயாவிடமே கொடுக்கலாம். சாவு வீட்டில் எப்போது எப்படிக் கேட்பது என்று அவரை விடத் தெரிந்தவர் இங்கே இல்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் போலீஸ் நிலையத்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரி கார்டையும் மாத்திரைக் கவரையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லவும் அவரால் முடியும். அதனால் 'சாக்கிட் துவா' கொஞ்சமாவது குறையும்.

ஐயாவுக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். அவர் கேட்பது பத்து ஆண்டுக் கணக்கு. நாளைக்குப் பல்கலைக்கழகமோ சுகாதார அமைச்சோ பேராக் முழுவதற்குமாக அப்படியொரு ஆய்வை எடுத்தால் நாம் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம், அப்போது அந்தத் தாள்களுக்கும் மதிப்பு இருக்கும். கடைப் படிவத்தின் மாதிரியை அடுத்த கூட்டத்துக்கு நான் எழுதிக் கொண்டுவருகிறேன். முதல் சுற்று தீபாவளிக்கு முன்பு முடிய வேண்டும். பண்டிகை நெருங்கினால் எந்தக் கடைக்காரரும் நின்று பேச மாட்டார்.